வெற்றிடப் பம்பிக்குள் வாயு நெருங்கும்போது நடப்பது என்ன?

வெற்றிடப் பம்பி என்றவுடன் நம் மனம் அதன் உறிஞ்சும் வாயை நோக்கியே செல்கிறது. ஏ.சி. பொருத்த வருபவர் செப்புக் குழாயில் பம்பியை இணைத்து ஓட விடுகிறார். உள்ளே இருந்த வளி இழுபட்டு வெளியே வருகிறது. அமுக்க மானியின் முள் இறங்குகிறது. உண்மையில், வாயுவை இழுக்கக்கூடிய உறுப்பு எதுவும் எந்தப் பம்பியிலும் கிடையாது. பம்பி தனக்குள் ஓர் அறையை விரித்துக் கொடுக்கிறது. பாத்திரத்தில் உள்ள மூலக்கூறுகள் தமது சொந்த வேகத்தில் அதற்குள் பரவி வருகின்றன. அதன் பிறகுதான் பம்பியின் வேலை தொடங்குகிறது. வந்து சேர்ந்த ஐதான வாயுவை அடைத்து, நெருக்கி, வெளியே நிற்கும் வளிமண்டலத்தின் அமுக்கத்துக்குச் சற்று மேலே உயர்த்தி, வெளியேற்று வால்வைத் தள்ளித் திறந்து அனுப்புவதே அந்த வேலை. ஆகவே வெற்றிடப் பம்பியும் ஒரு கொம்பிரசர்தான். டயருக்குக் காற்று அடிக்கும் கொம்பிரசர் வளிமண்டலத்தில் இருந்து தொடங்கி அதற்கு மேலே செல்கிறது. வெற்றிடப் பம்பி வளிமண்டலத்துக்கு மிகக் கீழே தொடங்கி வளிமண்டலத்தில் வந்து முடிகிறது. ஒரு பம்பி எவ்வளவு ஆழமான வெற்றிடத்தைத் தரும், எப்போது சூடாகும், ஏன் சில நாட்களில் திடீரெனச் சோர்ந்துவிடும் என்ற கேள்விகளுக்கெல்லாம் விடை, நெருக்கப்படும் வாயுவுக்கு என்ன நேர்கிறது என்பதில் அடங்கியிருக்கிறது.

முதலில் ஓர் அளவை மனத்தில் இருத்திக்கொள்ள வேண்டும். மட்டக்களப்பும் கல்முனையும் அக்கரைப்பற்றும் கடல்மட்டத்தில் இருக்கின்றன. எனவே இங்கே வளிமண்டல அமுக்கம் ஏறத்தாழ 1013 மில்லிபார். பாத்திரத்துக்குள் 100 மில்லிபார் இருக்கும்போது பம்பி அந்த வாயுவைப் பத்து மடங்கு நெருக்கினால் போதும். பாத்திரம் 1 மில்லிபாருக்கு இறங்கியதும் ஆயிரம் மடங்கு நெருக்க வேண்டும். 0.01 மில்லிபாரில் அது ஒரு இலட்சம் மடங்காகிறது. வெளியேற்று அமுக்கத்தை உள்ளெடுப்பு அமுக்கத்தால் வகுத்தால் வரும் இந்த எண்ணே நெருக்கல் விகிதம். பம்பி வேலை செய்யச் செய்ய, அதே பம்பிக்கு வேலை கடினமாகிக்கொண்டே போகிறது. (நுவரெலியாவில் வளிமண்டல அமுக்கம் 800 மில்லிபாரை ஒட்டியே இருப்பதால், அங்கே அதே பம்பிக்கு ஐந்தில் ஒரு பங்கு சலுகை கிடைக்கிறது. கரையோரத்தில் வாழும் நமக்கு அந்தச் சலுகை இல்லை.)

மீந்து நிற்கும் சிறு இடம்

நெருக்கல் விகிதத்துக்கு ஓர் எல்லை ஏன் இருக்கிறது என்பதைப் பிஸ்டன் பம்பியை வைத்துப் பார்ப்பதே எளிது. பிஸ்டன் மேலே சென்று வாயுவை வெளியேற்றும்போது, அது உருளையின் தலையை முற்றாகத் தொட முடியாது, தொட்டால் உடைந்துவிடும். வால்வுகளைச் சுற்றியும் தலைக்கு அடியிலும் சிறிதளவு இடம் மீந்து நிற்கிறது. பிஸ்டன் நகரும் கனவளவை 100 பங்கு என்று கொண்டால், இந்த மீந்த இடம் 2 பங்கு என்று வைத்துக்கொள்வோம். வெளியேற்றல் முடியும் கணத்தில் அந்த 2 பங்கு இடத்தில் 1013 மில்லிபார் அமுக்கத்தில் வாயு சிக்கியிருக்கிறது. பிஸ்டன் கீழே இறங்கும்போது, பாத்திரத்தில் இருந்து புதிய வாயு நுழைவதற்கு முன்னரே இந்தப் பழைய வாயு விரியத் தொடங்குகிறது. வெப்பநிலை மாறவில்லை என்று கொண்டு போயிலின் விதியைப் (கனவளவு எத்தனை மடங்கு கூடுகிறதோ, அமுக்கம் அத்தனை மடங்கு குறையும்) பயன்படுத்தினால், 2 பங்கில் இருந்தது 102 பங்குக்கு விரியும்போது அதன் அமுக்கம் ஏறக்குறைய 20 மில்லிபார் ஆகிறது. பாத்திரத்திலும் அதே 20 மில்லிபார்தான் இருக்கிறது என்றால், ஒரு மூலக்கூறு கூட நிகரமாக உள்ளே வராது. பம்பி ஓடும், சத்தம் கேட்கும், மின்கட்டணமும் ஏறும், ஆனால் ஒரே வாயுவை நெருக்குவதும் விரிப்பதுமாகக் காலம் கழியும்.

இந்த எல்லை ஒரே நாளில் வந்து முட்டும் சுவர் அன்று. பாத்திரம் 40 மில்லிபாரில் இருக்கும்போதே, மீந்த வாயு விரிந்து 102 பங்கில் பாதியைப் பிடித்துக்கொள்கிறது. அப்படியானால் பம்பியின் வேகம் அப்போதே பாதியாகிவிட்டது. பம்பியின் பெயர்த்தகட்டில் எழுதப்பட்டுள்ள நிமிடத்துக்கு இத்தனை லீற்றர் என்ற எண், உள்ளெடுப்பு அமுக்கம் உயர்வாக இருக்கும்போது கிடைப்பது. எல்லையை நெருங்க நெருங்க அது தேய்ந்து பூச்சியம் ஆகும்.

நம் பக்கத்துத் திருத்துமிடங்கள் சிலவற்றில், பழைய பிரிட்ஜில் இருந்து கழற்றிய கொம்பிரசரையே வெற்றிடப் பம்பியாகப் பயன்படுத்தும் வழக்கம் இன்னும் இருக்கிறது. சிக்கனம் புரிகிறது; ஆனாலும் அந்த வழக்கத்தை ஆதரிக்க முடியாது. அது பிஸ்டன் வகை. அதற்கு மீந்த இடம் உண்டு. எனவே மேலே கண்ட கணக்கு அதற்கும் பொருந்தும். குழாய்க்குள் ஈரம் இருந்தால், 30 பாகை வெப்பநிலையில் நீர் கொதிக்க அமுக்கம் 42 மில்லிபாருக்குக் கீழே செல்ல வேண்டும். 20 மில்லிபாரில் முடங்கும் பம்பி அந்த எல்லையை மெல்லத்தான் தாண்டுகிறது. அதுவும் வேகம் பாதியாகிப்போன நிலையில். ஈரம் முழுவதும் வெளியேறாமல் குழாயில் தங்கி, பின்னர் குளிரூட்டி வாயுவோடும் ஒயிலோடும் சேர்ந்து அமிலத்தை உண்டாக்கும். மேலும், அந்தக் கொம்பிரசரின் மோட்டர் திரும்பி வரும் குளிர்ந்த வாயுவால் ஆறும்படி அமைக்கப்பட்டது. வெற்றிடத்தில் அந்த வாயு வராது, சுருள்கள் சூடேறும், ஐதான வாயுவில் மின்முனைகளுக்கிடையே பொறி பாயும் ஆபத்தும் உண்டு.

இதைக் கவனிக்க முடியாமல் போவதற்கு மானியும் ஒரு காரணம். சாதாரண முள் மானி வளிமண்டலத்துக்கும் உள்ளமுக்கத்துக்கும் இடையிலான வேறுபாட்டையே காட்டுகிறது. முழு வெற்றிடம் அதில் ஏறக்குறைய 30 அங்குல இரசம். 31 மில்லிபாரில் நின்றுவிட்ட பம்பிக்கு அது 29 அங்குலம் காட்டும், 0.67 மில்லிபாருக்கு, அதாவது குளிரூட்டல் வேலையில் இலக்காகக் கொள்ளப்படும் 500 மைக்ரோனுக்கு, இறங்கிய நல்ல பம்பிக்கு 29.9 காட்டும். முள்ளில் ஒரு சிறு நகர்வு. நெருக்கல் விகிதத்திலோ 33 மடங்குக்கும் 1500 மடங்குக்கும் உள்ள வேறுபாடு. மைக்ரோன் மானி இல்லாமல் வெற்றிடத்தைப் பற்றிப் பேசுவதில் பெரிய பயன் இல்லை.

ஏ.சி. வேலைக்கென விற்கப்படும் சுழலும் தகட்டுப் பம்பிகள் இந்த மீந்த இடத்தை ஒயிலால் நிரப்பிவிடுகின்றன. உருளைக்குள் மையம் விலகிச் சுழலும் உருள்பகுதியில் தகடுகள் செருகப்பட்டிருக்கும். அவை வாயுவை அடைத்துத் தள்ளிச் சென்று நெருக்கும். இடுக்குகளில் ஒயில் நிற்பதால் வாயுவுக்கு அங்கே தங்க இடமில்லை. தகட்டின் ஓரத்தால் பின்னோக்கிக் கசிவதும் குறைகிறது. அப்படியும் ஒரு குறை மிஞ்சுகிறது. வெளியேற்று வால்வின் அருகே வளிமண்டல அமுக்கத்தில் நிற்கும் ஒயிலில் வளி கரைகிறது. அந்த ஒயில் சுழன்று வெற்றிடப் பக்கத்துக்கு வந்ததும், கரைந்த வளி நுரைத்து வெளிவருகிறது. இதைத் தவிர்க்கவே இரண்டு கட்டப் பம்பி வந்தது. முதற்கட்டம் தனது வாயுவை வளிமண்டலத்துக்குத் தள்ளாமல் இரண்டாம் கட்டத்தின் வாய்க்குத் தள்ளுகிறது. அங்கே அமுக்கம் ஏற்கனவே மிகத் தாழ்ந்திருக்கிறது. இலட்சக்கணக்கில் வர வேண்டிய விகிதம் இரண்டு கட்டங்களுக்கும் பங்கிடப்படுகிறது. முதற்கட்டத்தின் ஒயில் வளிமண்டலத்தைக் காண்பதே இல்லை. நல்ல நிலையில் உள்ள இரண்டு கட்டப் பம்பி 0.001 மில்லிபாரை ஒட்டி இறங்க முடிவது இதனால்தான்.

ஆய்வுகூடங்களில் பயன்படும் டர்போ மூலக்கூற்றுப் பம்பியில் நெருக்கல் வேறு வழியில் நடக்கிறது. வில்லி பெக்கர் 1958ஆம் ஆண்டளவில் அறிமுகப்படுத்திய இந்தப் பம்பியில் அறை, பிஸ்டன் எதுவும் இல்லை. மிக வேகமாகச் சுழலும் அலகுகள் மூலக்கூறுகளை ஒவ்வொன்றாகத் தட்டி வெளிப்பக்கம் அனுப்புகின்றன. ஆகவே நெருக்கல் விகிதம் வாயுவின் மூலக்கூற்றுத் திணிவைப் பொறுத்தது. பாரமான, மெதுவான நைதரசனை அது கோடிக்கணக்கான மடங்கு நெருக்கும். இலேசான, வேகமான ஐதரசனை ஆயிரம் என்ற அளவில்தான் நெருக்கும். வந்தாறுமூலையில் உள்ள கிழக்குப் பல்கலைக்கழகத்திலோ ஒலுவிலில் உள்ள தென்கிழக்குப் பல்கலைக்கழகத்திலோ விஞ்ஞானம் அல்லது பொறியியல் பயிலும் மாணவர் ஒருவர், உயர் வெற்றிட அறையில் கடைசியாக எஞ்சி நிற்பது பெரும்பாலும் ஐதரசன் என்று படிக்கும்போது, அதற்கான காரணங்களில் இதுவும் ஒன்று என்று நினைவில் கொள்ளலாம்.

நெருக்கினால் சூடு ஏறும்; ஆனால் எப்போது?

சைக்கிள் பம்பால் டயருக்குக் காற்று அடித்தவர் எவரும் அதன் அடிப்பகுதி சுடுவதை அறிவார். விரைவாக நெருக்கப்படும் வாயுவின்மீது செய்யப்படும் வேலை, வெளியேற நேரமின்றி, அதன் வெப்பநிலையாக மாறுகிறது. 30 பாகையில் உள்ள வளியை வெப்பம் வெளியேறாமல் இரண்டு மடங்கு அமுக்கத்துக்கு நெருக்கினால் அது ஏறக்குறைய 96 பாகைக்குச் செல்லும். பத்து மடங்குக்கு நெருக்கினால் 310 பாகையைத் தொடும். இது வெப்பம் சிறிதும் வெளியேறாத நிலைக்கான கணக்கு. உண்மையான பம்பியில் உலோகச் சுவரும் ஒயிலும் வெப்பத்தின் பெரும்பகுதியை எடுத்துவிடும்.

இங்கேதான் புதிதாகக் கற்பவர் தடுமாறுவார். விகிதம் உயர்ந்தால் சூடு உயரும் என்றால், ஆயிரம் மடங்கு நெருக்கும் ஆழ்ந்த வெற்றிடத்தில் பம்பி உருகிப்போக வேண்டாமா? போவதில்லை, ஏனெனில் அப்போது நெருக்குவதற்கு வாயுவே மிகக் குறைவு. ஒரு மூலக்கூறுக்குச் செய்யும் வேலை கூடுகிறது. ஆனால் மூலக்கூறுகளின் எண்ணிக்கை அதைவிட வேகமாகக் குறைகிறது. நிமிடத்துக்கு ஒரு கன மீற்றர் வாயுவை உள்ளெடுக்கும் பம்பி ஒன்றைக் கருதி, வெப்பநிலை மாறாத நெருக்கலுக்கான சமன்பாட்டில் இட்டுப் பார்த்தால், உள்ளெடுப்பு அமுக்கம் 800 மில்லிபாராக இருக்கையில் நெருக்கலுக்குத் தேவையான வலு 315 வாற்று. ஏறத்தாழ 370 மில்லிபாரில் அது 620 வாற்றாக உச்சம் பெறுகிறது. 100 மில்லிபாரில் 385 ஆக இறங்குகிறது. 10 மில்லிபாரில் 77. 1 மில்லிபாரில் வெறும் 12. (உராய்வு இதற்கு வெளியே.) வளிமண்டலத்தின் மூன்றில் ஒரு பங்குக்குச் சற்று மேலே உள்ள அமுக்கத்தில்தான் பம்பியின் மோட்டர் மிகக் கடினமாக உழைக்கிறது. வெப்பம் வெளியேறாத நெருக்கலாகக் கொண்டால் இந்த உச்சம் 310 மில்லிபாரை ஒட்டி நகரும், கதை மாறாது.

இதன் விளைவு நடைமுறையில் தெளிவாகத் தெரியும். சிறிய குழாயை வெற்றிடமாக்கும் பம்பி இந்த உச்சத்தைச் சில விநாடிகளில் கடந்துவிடும். பெரிய தாங்கியை வெற்றிடமாக்கும் பம்பி நெடுநேரம் அதிலேயே நிற்கும். இன்னும் சில பம்பிகள் வாழ்நாள் முழுவதும் அங்கேதான் இருக்கின்றன. பெரிய பண்ணைகளில் உள்ள பால் கறக்கும் இயந்திரங்கள் வளிமண்டலத்தைவிட 450 முதல் 500 மில்லிபார் குறைந்த அமுக்கத்தில் இயங்குகின்றன. அதாவது உள்ளே 510 முதல் 560 மில்லிபார். அந்த அமுக்கத்தில் தேவைப்படும் வலு, உச்ச வலுவின் பத்தில் ஒன்பது பங்கை ஒட்டி இருக்கிறது. கச்சான் காற்று வீசும் ஆனி, ஆடி மாதங்களில் தகரக் கூரைக்கு அடியில் வைத்த அத்தகைய பம்பி ஒன்று தொடச் சுடுகிறது என்றால், அதைக் கெட்டுப்போனது என்று முடிவு கட்டுவதற்கு முன், காற்றோட்டம் போதுமா, ஒயிலின் மட்டம் சரியா என்று பார்க்க வேண்டும். சூடேறிய ஒயில் இளகிக் கசிவைக் கூட்டும். கசிவு கூடினால் நெருக்கல் விகிதம் குறையும்.

நெருக்க மறுக்கும் நீராவி

நம்முடைய பகுதிக்கு மிக நெருக்கமான விடயம் நீராவிதான். எனவே இதில் சற்று நிதானமாக நிற்பது நல்லது. நைதரசனையும் ஒட்சிசனையும் அறை வெப்பநிலையில் எவ்வளவு நெருக்கினாலும் அவை வாயுவாகவே இருக்கும். நீராவி அப்படி அன்று. ஒவ்வொரு வெப்பநிலையிலும் நீராவி தாங்கக்கூடிய உச்ச அமுக்கம் ஒன்று உண்டு. அதுவே நிரம்பலாவி அமுக்கம். 30 பாகையில் அது 42 மில்லிபார், 60 பாகையில் 199, 70 பாகையில் 312. அதற்கு மேல் நெருக்கினால் அமுக்கம் உயராது, ஆவி நீராகிவிடும்.

இப்போது, குழாய்க்குள் நீர்த்துளிகள் இருக்கும் ஒரு ஏ.சி.யைப் பம்பியுடன் இணைத்ததாக எண்ணுவோம். தொடக்கத்தில் வெளிவருவது பெரும்பாலும் வளி. சிறிது நேரத்தில் வளி தீர்ந்துபோய், கொதிக்கும் நீரில் இருந்து எழும் ஆவி மட்டுமே, 20 மில்லிபார் போன்ற அமுக்கத்தில், பம்பிக்குள் வருகிறது. பம்பியின் உடல் 70 பாகையில் இருக்கிறது என்றால், அது இந்த ஆவியை 312 மில்லிபார் வரை நெருக்கலாம். வால்வு திறக்க 1013 மில்லிபாருக்கு மேல் வேண்டும். 312ஐத் தாண்ட முயலும் கணத்தில் ஆவி நீராகி ஒயிலில் கலக்கிறது. வால்வு திறப்பதில்லை, எதுவும் வெளியேறுவதில்லை. அந்த நீர் ஒயிலோடு சுழன்று வெற்றிடப் பக்கத்துக்கு வந்து, அங்கே மீண்டும் ஆவியாகிறது. ஒயில் வெண்மையாகக் கலங்கிப் பால்போல் மாறுவது இதன் அடையாளம். ஈரம் நிறைந்த ஒயிலோடு ஓடும் பம்பிக்கு 0.001 மில்லிபார் என்பது கனவு.

மார்கழி மாரியில், ஈரப்பதன் உச்சத்தில் இருக்கும் நாட்களில் இந்தத் தொல்லை கூடுவதைக் கண்டு, அறையின் ஈரக்காற்றே பம்பியைக் கெடுக்கிறது என்று பலர் எண்ணுகிறார்கள். கணக்கு அதை ஏற்கவில்லை. 30 பாகையில், ஈரப்பதன் 80 சதவீதமாக இருக்கும் வளியின் 1013 மில்லிபாரில் நீராவியின் பங்கு 34 மில்லிபார். பம்பி அந்தக் கலவையை எந்த அமுக்கத்தில் எடுத்தாலும், மீண்டும் 1013க்கு நெருக்கும்போது ஆவியின் பங்கு அதே 34க்குத்தான் வந்து சேரும். அது 42க்குக் கீழே. நீராகாமல் வெளியேறிவிடும். சிக்கல் எழுவது வளி போய் ஆவி மிஞ்சும்போதுதான். கலவையில் ஆவியின் விகிதம் ஒரு எல்லையைத் தாண்டினால் அது பம்பிக்குள் நீராகும். பம்பி 70 பாகையில் இருந்தால் அந்த எல்லை 31 சதவீதம். 30 பாகைக் குளிர்ந்த பம்பிக்கோ வெறும் 4 சதவீதம். ஓடாமல் கிடந்த பம்பியை நேரே ஈரமான குழாயில் இணைப்பது ஏன் தவறு என்பது இந்த இரண்டு எண்களிலும் இருக்கிறது. உள்ளெடுப்பு வாயை மூடி, முதலில் அரை மணித்தியாலம் தனியே ஓடவிட்டுச் சூடாக்கிய பம்பி, அதே வேலையை ஏழு மடங்கு ஆவிச் சுமையோடு தாங்கும்.

இதற்கு வொல்ப்காங் கேடே என்ற ஜேர்மானிய இயற்பியலாளர் 1935இல் கண்ட தீர்வு, முதற்பார்வைக்கு முட்டாள்தனமாகத் தோன்றும்: வெளியேற்றுவதற்கு முன், நெருக்கப்படும் அறைக்குள் வெளிக்காற்றைச் சிறிதளவு உள்ளே விட வேண்டும். வெற்றிடம் ஆக்க வந்த பம்பிக்குள் வேண்டுமென்றே வளியை விடுவதா? ஆம். அந்தக் காற்றின் துணையால் அறையின் மொத்த அமுக்கம், ஆவி நிரம்பலாவி நிலையை எட்டும் முன்னரே வளிமண்டல அமுக்கத்தைத் தாண்டுகிறது, வால்வு திறக்கிறது, ஆவி ஆவியாகவே வெளியேறுகிறது. தொழிலில் இதற்குக் காஸ் பலாஸ்ட் என்று பெயர். பம்பியின் மேற்புறத்தில் உள்ள சிறு திருகு வால்வு அதுதான். பலர் அதைத் திருகிப் பார்த்ததே இல்லை.

எவ்வளவு காற்று வேண்டும் என்பதைக் கணக்கிட்டுப் பார்க்கலாம். நிமிடத்துக்கு 60 லீற்றர் எடுக்கும் பம்பி, 20 மில்லிபாரில் தூய நீராவியை உள்ளெடுக்கிறது. வளிமண்டல அமுக்கத்துக்கு மாற்றினால் அது ஏறத்தாழ 1.2 லீற்றர் ஆவி. பலாஸ்ட் வால்வு நிமிடத்துக்கு 6 லீற்றர் காற்றை விடுகிறது என்றால், கலவையில் ஆவியின் பங்கு ஆறில் ஒன்று. வெளியேறும் கணத்தில் அதன் அமுக்கம் சுமார் 170 மில்லிபார். 60 பாகைப் பம்பிக்கு இது போதும் போலத் தோன்றுகிறது. ஏனெனில் அங்கே எல்லை 199. ஆனால் மட்டக்களப்பின் மாரிக்காற்று வறண்டது அல்ல. பலாஸ்டாக உள்ளே விடப்படும் காற்று தன்னோடும் 34 மில்லிபார் ஆவியைக் கொண்டு வருகிறது. அதையும் சேர்த்தால் 170 என்பது 196 ஆகிவிடுகிறது. வால்வைத் தள்ளத் தேவையான சிறு மிகை அமுக்கத்தையும் கூட்டினால் எல்லை தாண்டப்படும். பம்பி 70 பாகையில் ஓடினால் கவலை இல்லை. குளிர்நாட்டு ஆய்வுகூடத்துக்கு எழுதப்பட்ட கைநூலில் இந்தக் குறிப்பு இல்லாமல் போகலாம். வாவியோரத்தில் வேலை செய்பவர் தானே கணக்கிட்டுக்கொள்ள வேண்டும்.

காஸ் பலாஸ்ட்டுக்கு விலையும் உண்டு. உள்ளே விடும் காற்றில் ஒரு பகுதி பின்னோக்கிக் கசிவதால், வால்வு திறந்திருக்கும்வரை பம்பி தன் அடிமட்ட வெற்றிடத்தை எட்டாது. ஆகவே தொடக்கத்தில் திறந்து வைத்து, ஈரத்தின் பெரும்பகுதி போன பின் மூடி, கடைசி இறக்கத்தை மூடிய வால்வுடன் செய்வதே முறை. ஒயில் ஏற்கனவே கலங்கிவிட்டது என்றால், வாயை மூடி, வால்வைத் திறந்து, சூடான நிலையில் ஓடவிட்டால் ஓரளவு தெளியும். தெளியாவிட்டால் மாற்றுவதே மலிவு.

ஆவி மிகவும் அதிகமானால் காஸ் பலாஸ்ட்டும் கைகொடுக்காது. அம்பாறை மாவட்டத்தின் ஹிங்குராணவில் உள்ளது போன்ற சீனித் தொழிற்சாலைகளில், சீனி கருகாமல் இருக்கச் சீனிப் பாகினை வெற்றிடத்தில், 70 பாகையை ஒட்டிய வெப்பநிலையில் காய்ச்சுகிறார்கள். அங்கே எழும் ஆவியின் ஒரு கிலோ, 60 பாகையில் 7,600 லீற்றருக்கும் மேற்பட்ட இடத்தைப் பிடிக்கும். அதைப் பம்பியால் நெருக்கி வெளியேற்ற முயல்வது வீண்செலவு. பம்பிக்கு முன்னரே குளிர்ந்த நீரைத் தூவி ஆவியை நீராக்கினால், அதே ஒரு கிலோ ஒரு லீற்றராகச் சுருங்கிக் குழாய் வழியே தானாக இறங்கிவிடும். பம்பிக்கு மிஞ்சுவது கசிந்து நுழைந்த வளி மட்டுமே. ஆவியை நீராக்கும் அந்தப் பாத்திரமே அங்கே பெரிய பம்பி என்று சொன்னாலும் தவறில்லை.

நீரால் நெருக்கும் பம்பி

வாழைச்சேனைக் காகித ஆலையைப் பற்றிக் கேட்டு வளர்ந்தவர்களுக்குக் காகித இயந்திரம் புதிதாக இராது. ஈரத்தாளில் இருந்து நீரை உறிஞ்சக் காகித இயந்திரங்களில் வழக்கமாகப் பயன்படுவது நீர்வளையப் பம்பி. வட்டமான கூட்டுக்குள் மையம் விலகிச் சுழலும் சிறகுகள் நீரைச் சுவரோடு வளையமாக வீசுகின்றன. சிறகுகளுக்கு இடையே உள்ள அறைகளில் அந்த நீர்வளையமே பிஸ்டன்போல் ஏறி இறங்கி வாயுவை நெருக்குகிறது. நெருக்கலின் வெப்பத்தை நீரே எடுத்துக்கொள்வதால் வாயு அதிகம் சூடேறாது. ஈரமான ஆவி வந்தாலும் பம்பி கெடாது. ஆவி வளையத்திலேயே நீராகிவிடுவது இதற்கு உதவியும்கூட. ஆனால் நெருக்கும் பிஸ்டன் நீராக இருப்பதால், அந்த நீரின் ஆவியமுக்கத்துக்குக் கீழே எந்த வெற்றிடமும் கிடைக்காது. அமுக்கம் அந்த அளவை நெருங்கினால் வளைய நீரே கொதித்து அறைகளை நிரப்பும்.

உற்பத்தியாளர்களின் விவரத்தாள்களில் இத்தகைய பம்பிகளுக்கு 33 மில்லிபார் என்ற எல்லை அடிக்கடி காணப்படும். அது பெரும்பாலும் 15 பாகை நீருக்கானது. 15 பாகையில் நீரின் ஆவியமுக்கம் 17 மில்லிபார். மேல்தொட்டியில் வெயில்பட நின்ற நம் நீர் 30 பாகையைத் தாண்டிவிடும். அங்கே ஆவியமுக்கம் 42. எனவே தாளில் உள்ள 33 இங்கே எட்டவே முடியாத எண். ஆழமான வெற்றிடம் தேவையில்லை, 60 மில்லிபார் போதும் என்பவருக்கும் இழப்பு உண்டு. உலர்ந்த வாயுவை 60 மில்லிபாரில் எடுக்கும்போது, 15 பாகை நீர் அறையின் 28 சதவீதத்தைத் தன் ஆவியால் நிரப்பும். 30 பாகை நீர் 70 சதவீதத்தை நிரப்பிவிடும். முதற்பம்பிக்கு 72 பங்கு இடம் வாயுவுக்கு எஞ்ச, இரண்டாவதற்கு 30 பங்குதான் எஞ்சுகிறது. ஒரே பம்பி, ஒரே மோட்டர். நீர் மட்டும் வேறு.

எல்லையை ஒட்டி நெடுநேரம் ஓட்டினால், உள்ளெடுப்புப் பக்கம் உண்டான ஆவிக்குமிழ்கள் நெருக்கும் பக்கத்தில் அமுக்கம் ஏறியதும் சடுதியாக இடிந்து வீழும். அந்த இடியால் சிறகுகளின் உலோகம் அரிக்கப்படும். உள்ளே சரளைக்கல் உருள்வது போன்ற ஓசை கேட்கும். சிறு வால்வு ஒன்றின் மூலம் கொஞ்சம் வளியை உள்ளே விட்டால் ஓசை அடங்கும். வெற்றிடம் சற்றுக் குறையும். நீரை மிச்சப்படுத்த அதையே திரும்பத் திரும்பச் சுற்ற விடுபவர்கள், தொட்டி நீர் 40 பாகைக்கு ஏறினால் எல்லை 74 மில்லிபாருக்கு உயர்ந்துவிடும் என்பதை மறக்கக் கூடாது. நிழலில் வைத்த பெரிய தொட்டியோ ஒரு சிறு குளிர்கோபுரமோ அதற்கு வேண்டும். புதிதாக வாங்குபவர், விவரத்தாளில் உள்ள எண் எந்த வெப்பநிலை நீருக்கு என்று கேட்டு, 30 பாகை நீருக்கான வேக வளைகோட்டைத் தரும்படி விற்பனையாளரிடம் எழுத்தில் வாங்கிக்கொண்டு, அதன்படியே பம்பியின் அளவைத் தெரிவு செய்ய வேண்டும்.